செடிக்கும் எனக்கும் உரத்தைக் குறைச்சுக்கோங்க



தீபத் திருவிழா நெருங்கிவிட்டது. "சார், தீபத்துக்கு வரலாமா? தங்க இடம் கிடைக்குமா?" என்று வெளியூர் நண்பர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போடுகிறேன். இன்று எழுதப் போவது குண்டுமல்லிச் செடியைக் கவாத்து செய்வது பற்றி. அதற்குச் சரியான நேரம் நவம்பர் கடைசி வாரம். எங்கள் திருவண்ணாமலையில் அது பெரும்பாலும் தீபத்தை ஒட்டியே வந்துவிடும். அதனால் நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிப்போடாமல் இன்றே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். நான் 31 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் தாவரவியல் சொல்லிக் கொடுத்தவன். 'நுனி ஆதிக்கம் என்றால் என்ன?' என்ற இரண்டு மதிப்பெண் கேள்வியை எத்தனை வினாத்தாளில் வைத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. 'நுனி மொட்டு உள்ளவரை பக்க மொட்டுகளின் வளர்ச்சி தடுக்கப்படுகிறது' என்று எழுதினால் முழு மதிப்பெண். அப்படிப்பட்ட நான், என் வீட்டு மல்லிச் செடியில் 30 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கிளையைக்கூட வெட்டவில்லை. வெட்ட மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

காரணம் உண்டு. அந்தச் செடிகளை 1992-இல் என் மனைவி தன் தாய்வீட்டிலிருந்து பதியன் போட்டுக் கொண்டுவந்தார். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்த மூன்று பதியன்கள். செங்கம் சாலைப் பக்கம் நாங்கள் வீடு கட்டியபோது சுவர் எழும்புவதற்கு முன்பே செடி நட்டாகிவிட்டது. மாமியார் காலமான பிறகு அந்த மூன்று செடிகளும் வெறும் செடிகளாக இல்லை. பால்காரரின் மாடு ஒருமுறை ஒரு கிளையைக் கடித்துவிட்டதற்கு வீட்டில் இரண்டு நாள் துக்கம்.

2023-இல் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. பேச்சும் நடையும் சில மாதங்களில் ஓரளவு திரும்பிவிட்டன. வலது கை விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் தட்டில் மொச்சைக்கொட்டையைப் போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொன்னார். களிமண்ணைப் பிசையச் சொன்னார். இரண்டு வாரத்தில் இவருக்கு அலுத்துவிட்டது. "நான் என்ன எல்.கே.ஜி. பிள்ளையா?" என்று தட்டைத் தள்ளிவிட்டார். "அப்படின்னா உங்களுக்குத் தெரிஞ்ச விரல் வேலை ஏதாவது செய்யுங்கம்மா. பூக் கட்டத் தெரியுமா?" என்று அந்தப் பெண் கேட்டார். என் மனைவி சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பேச்சு சுவாரசியத்தில் கையைப் பார்க்காமலேயே நான்கு முழம் கட்டிவிடும் ஆள் அவர்.

தேரடி வீதிக்குப் போய் 100 கிராம் உதிரி மல்லி வாங்கி வந்தேன். வாழைநாரை நனைத்து உட்கார்ந்தார். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நாரைச் சுற்றி ஒரு முடிச்சு. பார்க்க எளிது. இடது கை பூவைப் பிடித்தது. வலது கை முடிச்சைப் போடவில்லை. பூ நசுங்கியது, விழுந்தது. நான்கு நாள் முயன்றார். ஐந்தாம் நாள், "காசு குடுத்து வாங்கின பூவ இப்படிப் போட்டுக் கசக்க எனக்கு மனசு வரலீங்க. வாங்கிட்டு வராதீங்க" என்று சொல்லிவிட்டார். நம் வீட்டுப் பூவென்றால் எத்தனை நசுங்கினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் நம் வீட்டுச் செடியில் பூ இருந்தால்தானே!

ஆறடி உயரம். கரும்பச்சை இலை. பார்ப்பவர்கள் எல்லாம் "என்னா செழிப்பு சார்!" என்பார்கள். காலையில் எண்ணினால் மூன்று செடியிலும் சேர்த்து 20 பூ, மிஞ்சிப்போனால் 25. அதுவும் உச்சிக் கிளைகளில், எட்டாத உயரத்தில்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் உரம்தான். மாதம் ஒரு கைப்பிடி யூரியா வைத்தேன். நம் மாவட்டம் மணிலா விளையும் பூமி ஆயிற்றே, கடலைப் புண்ணாக்குக்குப் பஞ்சமில்லை. வாரம் ஒருமுறை அதை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினேன். செடி இன்னும் ஓரடி வளர்ந்தது. இலை இன்னும் அகலமானது. பூ அதே 20.

சென்ற ஆண்டு நவம்பர் தொடக்கத்தில் என் பழைய மாணவன் ஒருவன் மகளின் காதணி விழாவுக்குப் பத்திரிகை வைக்க வந்தான். நாற்பது வயதைத் தாண்டியவன்தான், ஆனால் 'அவர்' என்று எழுதினால் அவனே கோபித்துக்கொள்வான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கீழ்பென்னாத்தூர் பக்கம் 40 சென்டில் மல்லி வைத்திருக்கிறான். காபி வருவதற்குள் அவன் கண் செடிக்குப் போய்விட்டது.

"சார், இத எப்ப கவாத்து பண்ணீங்க?"

"பண்ணதே இல்லப்பா."

"யூரியா போடறீங்களா?"

"மாசம் ஒரு கைப்பிடி."

தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். முப்பது வருடம் முன்பு நான் அவனிடம் கேள்வி கேட்டால் அப்படித்தான் நிற்பான். "சார், நீங்க இலைக்குச் சோறு போட்டிருக்கீங்க. பூவுக்குப் போடல. அதுவும் வெட்டாம போட்டிருக்கீங்க. நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க, நுனிய வெட்டினா பக்கத்துல கெளைக்கும்னு?"

இந்த ஒரு வரியை இவன் மறக்கவில்லை. தேர்வில் எழுதினானா என்பது வேறு விஷயம்.

அவன் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். 1930-களில் திமன், ஸ்கூக் என்ற இரு அறிவியலாளர்கள் மொச்சை இனச் செடி ஒன்றின் நுனியை வெட்டினார்கள். பக்க மொட்டுகள் வளர்ந்தன. வெட்டிய இடத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளை வைத்தார்கள். பக்க மொட்டுகள் அடங்கிவிட்டன. நுனியிலிருந்து கீழே இறங்கும் ஆக்சின்தான் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது என்று அப்படித்தான் தெரிய வந்தது. இதைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன்.

இன்னொரு பாடமும் நினைவுக்கு வந்தது. குண்டுமல்லியின் பூங்கொத்து சைமோஸ் வகை. அதாவது தண்டின் நுனியே பூவாகி முடிந்துவிடும். பெரும்பாலும் மூன்று மொட்டு, நடுவில் இருப்பது முதலில் விரியும். இலைகள் எதிரெதிராக இருப்பதால் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு பக்க மொட்டுகள் காத்திருக்கின்றன. ஒரு நுனியை வெட்டினால் இரண்டு தளிர் வரும், இரண்டு நுனி கிடைக்கும். நுனிதான் பூ. புதுத் தளிர் எவ்வளவோ அவ்வளவு பூ. என் செடியில் உயரமாகப் போன சில நுனிகள் மட்டுமே இருந்தன. 20 பூ வந்ததில் செடியின் தப்பு எதுவும் இல்லை.

கணக்கு புரிந்துவிட்டது. வீட்டில் சொல்வது யார்?

"இருக்கிற இருபது பூவையும் வெட்டிடப் போறீங்களா?" என்றார் என் மனைவி. மூன்று மாதம் ஒரு பூகூட இருக்காது என்று நான் சொன்னதும் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த 20 பூவைத்தான் அவர் தினமும் மடியில் போட்டுக்கொண்டு கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. மறுநாள் காலை அவரே வந்து, "சரி, வெட்டுங்க. எங்க அம்மா வருஷா வருஷம் வெட்டுவாங்க. நான்தான் இங்க வந்தப்புறம் பயந்துட்டேன்" என்றார். ஆக, 30 ஆண்டுகளாக அவருக்காக நானும் எனக்காக அவரும் வெட்டாமல் இருந்திருக்கிறோம்!

நவம்பர் கடைசி வாரம் என்று நாள் குறித்தோம். ஃபெஞ்சல் புயல் வந்துவிட்டது. டிசம்பர் 1 அன்று மலைச்சரிவில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரே வீட்டில் ஏழு உயிர்கள் போனதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த நாட்களில் ஊரில் யாருக்கும் செடி கொடியைப் பற்றிப் பேச மனமில்லை. டிசம்பர் 13 அன்று தீபம் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு, மண்ணில் நீர் வடிந்ததும் மாணவன் கவாத்துக் கத்தரியோடு வந்தான். மலையுச்சியில் தீபம் 11 நாள் எரியும் அல்லவா, அந்த நாட்களுக்குள்தான் வெட்டினோம்.

முதலில் காய்ந்த கிளை, நோஞ்சான் கிளை, ஒன்றோடு ஒன்று உரசும் கிளைகளை அடியோடு எடுத்தான். பிறகு தரையிலிருந்து 50 செ.மீ. அளந்து மொத்தத்தையும் வெட்டினான். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் முன்பு டெட்டாலில் துடைத்துக்கொண்டான். மிச்சமிருந்த இலைகளையும் உருவிவிட்டான். ஆறடிச் செடி இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு வெறும் குச்சிகள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெட்டிப்போட்ட கிளைகளைக் குப்பைக்கு எடுத்தபோதுதான் பேசினார். "இருங்க. அத இங்க போடுங்க."

அன்று மாலை பழைய ஆவின் பால் கவர்களில் மண்ணும் மணலும் தொழுவுரமும் நிரப்பி, அரையடி நீளக் குச்சிகளாக 20 நட்டார். குச்சியை நறுக்கிக் கொடுத்தது நான். நட்டது அவர், வலது கையால். ஒரு கவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. இரண்டாவது கவரிலேயே நான் பொறுக்க முடியாமல், "குடு, நான் வைக்கிறேன்" என்று கையை நீட்டினேன். அப்போது சொன்னார் இந்தப் பதிவின் தலைப்பாக நான் வைத்திருக்கும் வார்த்தையை.

"செடிக்கு மட்டும் இல்லீங்க. எனக்கும் கொஞ்சம் உரத்தைக் குறைச்சுக்கோங்க."

எனக்குச் சுருக்கென்றது. நோய் வந்ததிலிருந்து அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்தது, தலை பின்னிவிட்டது, பட்டன் போட்டுவிட்டது எல்லாம் நான்தான். பிசியோதெரபிஸ்ட் இரண்டு முறை எச்சரித்தும் கேட்கவில்லை. பாசம் என்று நினைத்தேன். அவர் விரலுக்கு நான் வேலையே வைக்கவில்லை. அன்றிலிருந்து அவர் வேலை செய்யும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினேன். வகுப்பில் பிள்ளைகள் கணக்குப் போடும்போது நிற்பேனே, அப்படி.

மூன்றாம் வாரம் கணுக்களில் சிறு முனைகள் தெரிந்தன. பொங்கலுக்குள் ஒவ்வொரு வெட்டுக்கும் கீழே இரண்டு தளிர், சிலவற்றில் மூன்று. 20 பதியத்தில் 11 வேர் பிடித்தன. மார்ச் நடுவில் முதல் மொட்டு. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை எண்ணினேன்: 184. மூன்று செடியில்! எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில். அவரே பறித்தார்.

மார்ச் மாதம் அவர் முதலில் கட்டியது ஒன்பது பூ. 20 நிமிடம், பாதி நசுங்கியது. "நம்ம செடிதானே, நசுங்கட்டும்" என்றார். சித்திரை முடிவில் ஒரு முழம், முக்கால் மணி நேரத்தில். முடிச்சுகள் பழையபடி நெருக்கமாக இல்லை, பூக்கள் இடம் விட்டுத்தான் நிற்கின்றன. அந்த முழத்தை மாமியார் படத்துக்குப் போட்டார்.

இனி, செய்ய விரும்புபவர்களுக்காக மாணவன் சொன்னதையும் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையையும் சேர்த்துத் தருகிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

குண்டுமல்லிக்குக் கவாத்து நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி. முல்லைக்கு ஜனவரி கடைசி. மூன்றையும் ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள்.

வளர்ந்த குண்டுமல்லிச் செடி ஒன்றுக்கு ஆண்டுக்குத் தொழுவுரம் 10 கிலோ, தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல் சத்து 120 கிராம். தழையைப்போல மற்ற இரண்டும் இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். நான் செய்தது நேர் தலைகீழ். கடைச் சரக்கில் சொன்னால் ஆண்டுக்கு யூரியா சுமார் 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம். இதை இரண்டாகப் பிரித்து, பாதியைக் கவாத்து முடிந்ததும், மீதியை ஜூன், ஜூலையில் வையுங்கள். தண்டை ஒட்டி வைக்காமல், சற்றுத் தள்ளி வட்டமாகக் கொத்தி, இட்டு, மண் மூடி, நீர் விடுங்கள். இது நிலத்தில் உள்ள பெரிய செடிக்கான அளவு. தொட்டிச் செடிக்கு இதைப் போட்டால் கருகிவிடும். தொட்டிக்கு மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. அன்னபேதி லிட்டருக்கு 5 கிராம் கலந்து இலையில் தெளியுங்கள். மொட்டு ஊதா நிறமாக மாறினால் உள்ளே மொட்டுப்புழு இருக்கும். அந்த மொட்டுகளைப் பறித்து அழித்துவிட்டு வேப்பங்கொட்டைச் சாறு தெளியுங்கள். நாளுக்கு ஆறு மணி நேர வெயில் இல்லாத இடத்தில் எந்த உரமும் வேலை செய்யாது.

செம்பருத்தி, இட்லிப்பூ, அரளி, காகிதப்பூ எல்லாமே புதுத் தளிரில் பூப்பவை. ஒரு சுற்று பூத்து முடிந்ததும் நுனியை வெட்டிவிடலாம். அரளியின் பால் நஞ்சு, வெட்டிய பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காகிதப்பூவுக்குத் தண்ணீரும் தழைச்சத்தும் கூடினால் இலைதான் வரும், கொஞ்சம் காயவிட்டால் பூத்துத் தள்ளும். சங்குப்பூ பயறு வகை, அதன் வேர் முடிச்சுகளே தழைச்சத்தைத் தேடிக்கொள்ளும். அதற்கு யூரியா வேண்டாம்.

ஒன்று மறக்காதீர்கள். வெட்டிய பிறகு மூன்று மாதம் பூ இருக்காது. மார்கழி, தை மாதங்களில்தான் மல்லிப்பூ விலை கிலோ ஆயிரங்களைத் தாண்டும். அந்த நேரத்தில் வெறும் குச்சியைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருக்க வேண்டும். பயந்துபோய்க் கூடுதல் உரம் வைக்காதீர்கள்.

படத்தில் இருப்பது இன்று காலை எடுத்தது. செடி மறுபடி நான்கடி வளர்ந்துவிட்டது. வரும் ஞாயிறு கவாத்து. மாணவன் வருவதாகச் சொன்னான். என் மனைவி வேண்டாம் என்றுவிட்டார்.

"தடிச்ச கெளைய நீங்க வெட்டுங்க. மெல்லிசு எல்லாம் நான் வெட்டறேன்."

கவாத்துக் கத்தரியின் ஸ்பிரிங்கை அழுத்த விரலில் நல்ல வலு வேண்டும். நேற்று மாலை சும்மா வெறும் கத்தரியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து முறை எண்ணினேன். வலது கைதான்.

பால் கவரில் வேர் பிடித்த 11 செடிகளில் ஏழு கொடுத்தாகிவிட்டது. நான்கு இருக்கின்றன. உள்ளூர் நண்பர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து எடுத்துப் போகலாம். ஒரே நிபந்தனை: வருடா வருடம் வெட்ட வேண்டும்.